ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே

காசிமேட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “நான் கழுவும் கடம்பாக் கணவாய்க்கெல்லாம் இரண்டு கண்ணும் ஒரே அளவு. வீடியோவில் பார்த்த சிவப்புக் கணவாய்க்கு இடக்கண் மட்டும் பிதுங்கியிருக்கிறதே, ஏதாவது நோயா?”

நோய் இல்லை அம்மா. அது ஸ்ட்ராபெர்ரி கணவாய். கலிஃபோர்னியாவை அடுத்த பசிபிக்கில், வெளிச்சம் மங்கிப்போகும் ஆழத்தில் திரிவது. குஞ்சாக இருக்கும்போது இரு கண்ணும் சமம். வளர வளர இடக்கண் வலக்கண்ணைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பெருத்துவிடும். வால் மேலும் தலை கீழுமாகச் சாய்ந்து மிதந்தபடி, பெரிய கண்ணால் மேலே பார்க்கிறது, சின்னதால் கீழே. மேலிருந்து வரும் மங்கல் நீலத்தில் ஒரு நிழலைப் பிரித்தறியப் பெரிய கண் வேண்டும். கீழே கும்மிருட்டு. அங்கே ஏதாவது மின்னினால் சின்னக் கண்ணுக்கே போதும்.

எனக்குப் பிடித்த சங்கதி இனிமேல்தான். கடம்பாவின் கண்ணைக் கீறினால் ஜவ்வரிசி போல ஒரு கெட்டிக் குண்டு வழுக்கி வருமே, அதுதான் லென்ஸ். வளர்ந்த ஸ்ட்ராபெர்ரி கணவாய்கள் பலவற்றின் இடக்கண்ணில் அது மஞ்சளாக இருக்கிறது. ஏன்?

அந்த ஆழத்து மீன்களும் இறால்களும் தங்கள் நிழல் கீழே தெரியாதிருக்க, வயிற்றில் நீல வெளிச்சம் உமிழ்ந்து மேல்வெளிச்சத்தோடு கலந்துவிடுகின்றன. தி.நகரில் பிளவுஸ் துணி எடுத்தவர்களுக்கு அடுத்தது எளிதில் புரியும். கடை விளக்கில் சேலையோடு அச்சாகப் பொருந்திய துணி, வாசலுக்கு வந்ததும் வேறு நிறம் காட்டும். பார்வைக்கு ஒன்றானாலும் உள்கலவை வேறு. ஆழத்துக்கு வந்து சேரும் சூரிய ஒளி ஏறக்குறைய வெறும் நீலம். வயிற்று வெளிச்சத்திலோ கொஞ்சம் பச்சையும் உண்டு. மஞ்சள் லென்ஸ் நீலத்தைக் குறைத்துப் பச்சையை விட்டுவிடுகிறது. பின்னணி மங்க, வயிறு மட்டும் பளிச்சிடுகிறது. ஒளிந்திருந்த இறால் அகப்பட்டது!

150-க்கும் மேற்பட்ட கணவாய்களைப் பற்றி, சுமார் 30 ஆண்டுகளாகச் சேர்ந்த ஆழ்கடல் வீடியோக்களைப் பார்த்து 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். பழைய பதிவுகளைப் பொறுமையாகப் பார்க்க அங்கே ஆளும் பணமும் இருந்ததே என்று எனக்குப் பொறாமை. நம் பள்ளிக்கரணையிலும், மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு இறக்க ‘மத்ஸ்யா 6000’ என்ற நீர்மூழ்கி உருவாகிவருகிறது. அதைப் பற்றிய பேச்சில் கடலடியில் கிடக்கும் உலோக உருண்டைகளே முன்னால் நிற்கின்றன. அந்த மூன்று இருக்கைகளில் ஒன்றையாவது உயிரியல் படித்தவருக்குக் கொடுங்கள். எடுக்கும் வீடியோவையும் அழிக்காமல் வையுங்கள்.