பதற்ற மாத்திரையை நிறுத்தும்போது உடலில் நடப்பது என்ன?

அல்பிரசோலம், குளோனாசெபாம், லோராசெபாம், டயசெபாம். வீடுகளில் ‘நரம்பு மாத்திரை’ என்றும் ‘தூக்க மாத்திரை’ என்றும் சொல்லப்படும் இந்த நான்கும் பென்சோடயசெபைன் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஏதோ ஒரு நெருக்கடியில் பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை ஆண்டுக்கணக்கில் தொடர்வது அடிக்கடி நடக்கிறது. பிறகு ஒரு நாள் ‘இனி வேண்டாம்’ என்று முடிவு செய்து அட்டையைத் தூக்கிப் போடுகிறார்கள். இரண்டாம் இரவு தூக்கம் போகிறது. நெஞ்சு படபடக்கிறது, விரல்கள் நடுங்குகின்றன. ‘வியாதி இன்னும் போகவில்லை, அதனால்தான் இப்படி’ என்று வீட்டார் சொல்ல, மாத்திரை திரும்ப வந்துவிடுகிறது. இந்த முடிவு பெரும்பாலும் தவறானது. அந்த இரவில் தெரிவது பழைய வியாதி அல்ல. மருந்துக்கு ஈடுகொடுக்க மூளை செய்துகொண்ட மாற்றங்கள்.

மற்றதைப் படிப்பதற்கு முன் ஒன்றை மனதில் வையுங்கள். தினமும் சில வாரங்களுக்கு மேல் இந்த மாத்திரையை எடுத்தவர்கள் திடீரென நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவரோடு சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. வலிப்பு நோய்க்காக குளோனாசெபாம், குளோபசாம் எடுப்பவர்களின் நிலைமையே வேறு. இங்கே சொல்லும் கணக்குகள் அவர்களுக்கானவை அல்ல.

மூளையின் நரம்பணுக்கள் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டே இருப்பவை. அந்தத் தூண்டலை அடக்கி வைக்கும் முக்கிய வேதிப்பொருள் காபா. அது நரம்பணுவின் மேல்பரப்பில் உள்ள காபா-ஏ ஏற்பியில் ஒட்டும்போது, ஏற்பியின் நடுவிலுள்ள சிறு வழி திறந்து குளோரைடு அயனிகள் உள்ளே பாய்கின்றன. அணுவின் துடிப்பு தணிகிறது. பென்சோடயசெபைன் இந்த ஏற்பியின் வேறொரு இடத்தில் போய் உட்கார்கிறது. தானாக அந்த வழியைத் திறப்பதில்லை. காபா வரும்போது வழி வழக்கத்தைவிட அடிக்கடி திறக்கும்படி செய்கிறது, அவ்வளவுதான். அரை மணி ஒரு மணி நேரத்தில் பதற்றம் இறங்குவதும், தசை தளர்வதும், தூக்கம் வருவதும் இதனால்தான்.

இந்தக் கூடுதல் அமைதியை மூளை அப்படியே விட்டுவைப்பதில்லை. வாரங்கள் செல்லச் செல்ல ஏற்பிகள் மருந்துக்கு மசிவது குறைகிறது; சிலவற்றின் அமைப்பே மாறுகிறது. மறுபக்கம், தூண்டும் வேதிப்பொருளான குளூட்டமேட்டின் பாதைகள் வலுக்கின்றன. கிணற்றிலிருந்து நிறைகுடத்தை முழு பலத்தோடு இழுக்கும்போது கயிறு அறுந்தால், இழுத்தவர்தான் பின்னால் விழுவார். மருந்தை ஒரே நாளில் எடுத்துவிட்டால் நடப்பதும் அதுதான்: எதிர்த்து இழுத்துக்கொண்டிருந்த தூண்டல் அப்படியே மிஞ்சிவிடுகிறது. படபடப்பு, வியர்வை, நடுக்கம், எரிச்சல், தூக்கமின்மை, தசை இறுக்கம் எல்லாம் அந்த மிச்சம். வெளிச்சம் கண்ணை உறுத்துவது, சிறு சத்தமும் அடிப்பதுபோல் கேட்பது, காதில் இரைச்சல், நிற்கும் தரை அசைவதுபோன்ற உணர்வு, தான் தானாக இல்லாததுபோன்ற அந்நியத்தன்மை ஆகியவையும் இதே மூலத்திலிருந்து வருபவை. பலர் இவற்றை ‘பைத்தியம் பிடிக்கிறது’ என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் பயந்து கிடக்கிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. இவை பென்சோடயசெபைன் விலகலில், அதாவது மருந்து குறையும்போதோ நிற்கும்போதோ உடல் காட்டும் எதிர்வினையில், மருத்துவர்கள் நன்கு அறிந்த அறிகுறிகள்.

எப்போது தொடங்கும் என்பது மருந்தின் அரை ஆயுளைப் பொறுத்தது, அதாவது ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம். அல்பிரசோலத்துக்குச் சராசரியாக 11 மணி நேரம், லோராசெபாமுக்கு 12 மணி நேரத்தை ஒட்டி, குளோனாசெபாமுக்கு 30 முதல் 40 மணி நேரம். டயசெபாம் உடைந்து உருவாகும் பொருளும் மருந்தாகவே வேலை செய்கிறது. அது நாட்கணக்கில் தங்கும். அதனால் அல்பிரசோலத்தை நிறுத்தினால் ஓரிரு நாளில் தொல்லை தொடங்கும். டயசெபாம் என்றால் ஒரு வாரம்கூட எதுவும் தெரியாமல் இருக்கலாம். ‘எனக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்று நினைத்த பிறகு வரும். அல்பிரசோலம் எடுப்பவர்களில் சிலருக்கு மாத்திரையை விடாமல் போட்டும் அதிகாலையிலும் அடுத்த வேளைக்கு முந்தைய மணி நேரங்களிலும் பதற்றம் ஏறும். நோய் முற்றுகிறது என்று எண்ணி அளவைக் கூட்டுகிறார்கள். உண்மையில் அது இரண்டு வேளைகளுக்கு இடையே வரும் குட்டி விலகல்.

பழைய நோய் திரும்புவதையும் விலகலையும் பிரித்தறிய மூன்று விஷயங்களைப் பார்க்கலாம். அளவைக் குறைத்த சில நாட்களுக்குள் வந்ததா? முன்பு இல்லாத புது உணர்வுகள், குறிப்பாகக் காது இரைச்சல், ஒளிக் கூச்சம், தசைத் துடிப்பு, இருக்கின்றனவா? மேலும் குறைக்காமல் அதே அளவில் நின்றால் மெல்லத் தணிகிறதா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் விலகலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பழைய பதற்ற நோய் திரும்பினால் அது பழைய முகத்தோடு, பழைய கவலைகளோடு, வாரங்கள் கடந்து மெதுவாக வரும். குறைத்த தேதி, அளவு, அன்றைய தூக்கம், அறிகுறிகள் ஆகியவற்றை ஒரு நோட்டில் தினமும் இரண்டு வரி எழுதினாலே இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். மருத்துவருக்கும் அதைவிட உதவியான ஆவணம் வேறில்லை.

இனி வேகம். அமெரிக்க அடிமைநோய் மருத்துவச் சங்கமும் பிற மருத்துவ அமைப்புகளும் சேர்ந்து 2025இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைத்துத் தொடங்கச் சொல்கிறது. 2 வாரத்துக்கு 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. கவனிக்க வேண்டியது, அந்தச் சதவீதத்தை அப்போது எடுக்கும் அளவிலிருந்து கணக்கிடுவதே நல்லது என்பது. நாளொன்றுக்கு 20 மி.கி. டயசெபாம் எடுப்பவர் ஒவ்வொரு முறையும் 10 சதவீதம் குறைத்தால் 18, பிறகு 16.2, பிறகு 14.6 என்று போகும். பத்துப் படிகளுக்குப் பிறகும் 7 மி.கி. அளவில்தான் இருப்பார். இவ்வளவு மெதுவாகவா என்று கேட்கத் தோன்றும். காரணம் இருக்கிறது: மருந்தின் அளவும் அது பிடித்திருக்கும் ஏற்பிகளின் எண்ணிக்கையும் நேர்கோட்டில் குறைவதில்லை. 20லிருந்து 18க்கு வருவது மூளைக்குச் சிறிய மாற்றம். 2லிருந்து பூஜ்யத்துக்கு வருவதும் அதே 2 மி.கி.தான், ஆனால் மூளைக்கு அது பெரிய பள்ளம். ‘துளியூண்டுதானே மிச்சம்’ என்று கடைசிக் கட்டத்தில் அவசரப்பட்டுத்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

படியிறங்குவதில் மாத்திரையின் வடிவமும் குறுக்கே வரும். அல்பிரசோலம் நம் ஊரில் 0.25, 0.5, 1 மி.கி. அளவுகளில் கிடைக்கிறது. தினம் 0.5 மி.கி. எடுப்பவர் 0.25க்கு வந்தால் அது 50 சதவீத வெட்டு. நடுக்கோடு உள்ள 0.25 மாத்திரையை மாத்திரை வெட்டியால் பாதியாக்கினால் 0.125 கிடைக்கும், கத்தியால் வெட்டினால் ஒரு பக்கம் பொடிந்து அளவு மாறும். மெல்ல மருந்தை விடும் ‘எஸ்ஆர்’ வகை மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, மருந்து மொத்தமாக வெளியே வந்துவிடும். இந்தச் சிக்கலுக்காகவே மருத்துவர்கள் சிலரை நீண்ட நேரம் தங்கும் டயசெபாமுக்கு மாற்றி, பிறகு குறைக்கிறார்கள். இங்கிலாந்தின் நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை பென்சோடயசெபைன் விலகலுக்கென்றே ஒரு மருத்துவப் பிரிவை நடத்திய பேராசிரியர் ஹீதர் ஆஷ்டன் பரப்பிய முறை இது. அவருடைய பட்டியலின்படி 0.5 மி.கி. அல்பிரசோலம், 0.5 மி.கி. குளோனாசெபாம், 1 மி.கி. லோராசெபாம் ஆகிய ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 மி.கி. டயசெபாமுக்குச் சமம். 0.5 என்ற எண் சிறியது என்பதால் மருந்தும் லேசானது என்று நினைப்பது எவ்வளவு தவறு என்று இதிலிருந்தே தெரியும். ஆனால் இந்தச் சமன்பாடுகள் தோராயமானவை, ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே மாற்றத்தை ஒரு வேளை, ஒரு வேளையாக மருத்துவரே செய்ய வேண்டும். முதியவர்களுக்கும் ஈரல் பழுதானவர்களுக்கும் டயசெபாம் உடலில் தேங்கிவிடும். பகல் மயக்கம், கீழே விழுதல், எலும்பு முறிவு என்று போகும். அவர்களுக்கு வேறு வழி தேட வேண்டும்.

இந்தியாவில் மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டிய ஒன்று, கூட்டு மாத்திரைகள். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் எஸ்சிடாலோபிராமும் குளோனாசெபாமும் சேர்ந்த மாத்திரை இங்கே மிகச் சாதாரணம். இதயத்துடிப்பைத் தணிக்கும் புரோபிரனலாலோடு குளோனாசெபாம் அல்லது அல்பிரசோலம் சேர்ந்ததும் உண்டு. அந்த ஒரே மாத்திரையை நிறுத்தினால் இரண்டு மருந்தும் ஒரே நாளில் நின்றுபோகும். எஸ்சிடாலோபிராம் விலகலில் தலைசுற்றலும் மண்டைக்குள் மின்சாரம் பாய்வதுபோன்ற அதிர்வும் வரும். புரோபிரனலால் திடீரென நின்றால் இதயத்துடிப்பு எகிறும். எது எதனால் என்று யாராலும் பிரிக்க முடியாது. உங்கள் அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பி மருந்துப் பெயர்களை வாசியுங்கள். இரண்டு பெயர் இருந்தால், முதலில் அவற்றைத் தனித்தனி மாத்திரைகளாக மாற்றி எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் குறைக்கலாம்.

ஒரு படி கடினமாக இருந்தால் அங்கேயே இரண்டு, மூன்று, நான்கு வாரம் நிற்பது தோல்வி ஆகாது; ஏற்பிகள் பழைய நிலைக்குத் திரும்ப ஆகும் காலம் அது. தாங்கவே முடியாத அளவுக்குப் போனால், மருத்துவர் முந்தைய அளவுக்கு ஏற்றி நிலைப்படுத்தி, அடுத்த முறை இன்னும் சிறிதாகக் குறைப்பார். செய்யக் கூடாதது, நல்ல நாளில் விட்டுவிட்டுக் கெட்ட நாளில் மட்டும் போடுவது. ரத்தத்தில் அளவு ஏறி இறங்கி, ஒவ்வொரு இறக்கமும் ஒரு புதிய விலகலாகிவிடும்.

தூக்கம்தான் பலரை முதலில் உடைக்கும். படுக்கும் நேரத்தைவிட எழும் நேரத்தைக் கட்டிப் பிடிப்பது பலன் தரும்: எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலை ஒரே நேரத்தில் எழுந்து வெயிலில் நடக்க வேண்டும். இருபது நிமிடம் போல விழித்தே கிடந்தால் பாயை விட்டு எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்பப் படுக்கலாம். காபியும் டீயும் மதியத்துக்கு மேல் வேண்டாம். நிறைய காபி குடிப்பவர் அதையும் மெல்லத்தான் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தலைவலியும் சேர்ந்துகொள்ளும். பீதி அலை எழும்போது அது பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு இறங்கும் என்று தெரிந்திருப்பதே பாதி உதவி. அந்த நேரத்தில் நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை வெளியே விட வேண்டும். வேகமாக ஆழமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் மரத்துப்போகும், தலை சுற்றும். பீதி இன்னும் கூடும். மருத்துவர் புரோபிரனலால் கொடுத்தால் நடுக்கமும் படபடப்பும் அடங்கும். ஆனால் அது வலிப்பைத் தடுக்காது, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது.

மது இந்தக் காலத்தில் முழுவதுமாக விலக்க வேண்டியது. அதுவும் காபா ஏற்பியில்தான் வேலை செய்கிறது. ஒரு இரவு தூங்க வைத்துவிட்டு மறுநாள் விலகலை இரட்டிப்பாக்கும், மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சையே நிறுத்தலாம். வேறு நோய்க்கு மருந்து வாங்கும்போதும் மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின் வகை நுண்ணுயிர்க்கொல்லிகள் காபாவின் வேலையைத் தடுப்பதால் அறிகுறிகளைக் கிளறிவிடும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், அல்பிரசோலத்தையும் டயசெபாமையும் ஈரல் வேகமாகச் சிதைக்கும்படி செய்கிறது. மாத்திரையைக் குறைக்காமலே விலகல் தொடங்கக்கூடும்.

வலிப்பு, ஆள் இடம் தெரியாத குழப்பம், இல்லாதது தெரிவது அல்லது கேட்பது, நடுக்கத்தோடு கடும் காய்ச்சல், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது. 108 ஆம்புலன்ஸை அழைத்து, எந்த மாத்திரை, எத்தனை மி.கி., எப்போது நிறுத்தியது என்று சொல்ல வேண்டும். அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். மனம் தளரும்போது பேச 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலும் ஆலோசனை கிடைக்கும். முன்பு வலிப்பு வந்தவர்கள், மிக அதிக அளவில் எடுப்பவர்கள், தினம் குடிப்பவர்கள் மருத்துவமனையில் தங்கியே குறைக்க வேண்டியிருக்கலாம். கர்ப்பிணிகளும் பயந்துபோய்த் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது.

திட்டமிடாமல் நேரும் விலகலும் உண்டு. அல்பிரசோலம், டயசெபாம் போன்றவை 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள எச்1 அட்டவணையில் இருப்பவை; கடைக்காரர் சீட்டு கேட்பார், தனிப் பதிவேட்டில் எழுதுவார், சீட்டு இல்லையென்றால் தர மாட்டார். கடைசி மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த சீட்டை வாங்கிவிடுங்கள், பண்டிகை விடுமுறை வந்தால் இன்னும் முன்பே. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் விமான நிலையத்தில் பிடிபடுவோம் என்று பயந்து கிளம்பும் நாளில் மாத்திரையை விட்டுவிட்டு, புது ஊரில் முதல் வாரமே விலகலில் சிக்குவதுண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தில் இவை கட்டுப்பாட்டு மருந்துகள்; கொண்டுபோக இணையவழியில் முன் அனுமதி வாங்க வேண்டும், அதற்கு மருந்துச் சீட்டும் மருத்துவரின் கடிதமும் வேண்டும். பயணத் தேதி தெரிந்தவுடனேயே மருத்துவரைப் பார்த்தால், அனுமதி வாங்குவதா, போவதற்கு முன் குறைத்து முடிக்கப் போதிய மாதங்கள் உள்ளனவா என்று முடிவு செய்யலாம்.

கடைசி மாத்திரை நின்ற பிறகும் சில வாரங்களுக்கு, சிலருக்குச் சில மாதங்களுக்கு, நல்ல நாட்களுக்கு நடுவே கெட்ட நாட்கள் வந்து போகும். நாட்கள் போகப்போக இடைவெளி நீளும், வேகம் குறையும். அந்த நாட்களில் கைக்கு எட்டும் தூரத்தில் பழைய அட்டை இருக்கக் கூடாது என்பதால், மிச்சமான மாத்திரைகளை மருத்துவரிடமோ மருந்துக் கடையிலோ ஒப்படைக்க முடியுமா என்று கேளுங்கள். நோட்டை மட்டும் இன்னும் மூன்று மாதம் எழுதி வாருங்கள்.