பழைய ஜெர்மன் தாலர் வாங்கும் முன்: எடை, அடர்த்தி, விளிம்பு

தாலர் என்ற பழைய ஜெர்மன் பெரிய வெள்ளிக் காசைப் பார்த்ததும் பலரும் கேட்பது, "சுத்த வெள்ளியா?" அதற்கு முன் கேட்க வேண்டியது வேறு: எந்த அரசு, எந்தத் தரத்தில் அடித்தது?

1566 தரத்து ரைஷ்தாலர் 29.23 கிராம், ஆயிரத்தில் 889 பங்கு வெள்ளி. 1753-இல் ஆஸ்திரியாவும் பவேரியாவும் ஒப்புக்கொண்ட கன்வென்ஷன் தாலர் 28.06 கிராம், 833 பங்கு. பிரஷ்யாவின் 1750 தரத்துத் தாலர் 22.27 கிராம், 750 பங்கு. மீதி செம்பு. பிரஷ்யத் தாலர் 22 கிராம் காட்டினால் போலி என்று ஒதுக்காதீர்கள். 28 காட்டினால்தான் சந்தேகம் வர வேண்டும்.

அடுத்தது அடர்த்தி. 0.01 கிராம் வரை காட்டும் தராசில் காசை எடை போடுங்கள். பிறகு தண்ணீர்க் குவளையைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். மெல்லிய நூலில் கட்டிய காசை அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுதாக மூழ்கடியுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் காசின் கன அளவு. எடையை அதால் வகுங்கள். கன்வென்ஷன் தாலருக்கு 28.06-ஐ 2.75-ஆல் வகுத்தால் 10.2 வரும். பித்தளையும் செம்பு-நிக்கலும் 9-ஐத் தாண்டாது. காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் அடர்த்தி குறைவாக வரும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் போதும். 0.1 கிராம் தராசு இதற்கு உதவாது. கன அளவில் 0.05 பிசகினாலே விடை 10.0-க்கும் 10.4-க்கும் இடையே அலையும்.

நகைக்கடையின் டச் பார்க்கும் மெஷினை மட்டும் நம்பிவிட வேண்டாம். அது மேல்தோலைத்தான் படிக்கிறது. வெள்ளி குறைந்த தகடுகளை அச்சடிக்கும் முன் அமிலக் கரைசலில் கொதிக்க வைத்து, மேற்பரப்புச் செம்பைக் கரைத்து வெளுப்பாக்குவது அக்கால வழக்கம். ஜெர்மன் நாடுகளில் 1619–1623-இல் நடந்த நாணயச் சீரழிவில் வெளிவந்த மட்டமான சில்லறைக் காசுகள் புதிதில் நல்ல வெள்ளியாகவே பளபளத்தன. அத்தகைய காசில் மெஷின் கூடுதல் டச் காட்டும்.

முகத்தில் இணையான அரக்கீறல்கள் தெரிந்தால் பயப்படாதீர்கள். எடை மிகுந்த தகட்டை அச்சடிக்கும் முன்பே அரம் போட்டுச் சரிசெய்த தடம் அது. இரு உருளைகளுக்கு இடையே அழுத்தி அச்சிட்ட காசு சற்றே வளைந்திருப்பதும் இயல்பு. கவலைப்பட வேண்டியது விளிம்பைச் சுற்றி ஓடும் வார்ப்புக் கோடு, நுண்துளைகள், மழுங்கிய எழுத்து ஆகியவற்றுக்கு. பதக்கமாக அணிந்த காசின் மேல்விளிம்பில் பற்றாசுத் தழும்பு இருக்கும். காசு அசல்தான், ஆனால் விலை வெகுவாகக் குறையும்.

ஆஸ்திரியாவை ஆண்ட மரியா தெரசாவின் பெயரில், 1780 என்று பொறித்து வரும் தாலருக்குத் தனி எச்சரிக்கை தேவை. அவர் இறந்த ஆண்டு அது. அதே ஆண்டையே பொறித்து வியன்னா, ரோம், லண்டன், பம்பாய் உள்ளிட்ட அக்கசாலைகள் (நாணயம் அடிக்கும் சாலைகள்) 20-ஆம் நூற்றாண்டிலும் அடித்தன. போலி அல்ல, சட்டப்படியான மறு அச்சு. சாதாரண மறு அச்சுக்கு, அதிலுள்ள 23.39 கிராம் வெள்ளியின் மதிப்பை ஒட்டியே விலை கொடுங்கள்.

எதையும் எலுமிச்சை, பற்பசை போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்த கீறல் திரும்பப் போகாது.