அணி சேர்க்கும் முன் பிறந்த தேதியைப் பாருங்கள்

சென்ற வாரம் நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவனை அவனுடைய தந்தை தோளில் சுமந்துகொண்டு வந்தார். வலது குதிகாலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. இரு பக்கமும் விரலால் அழுத்தியதும் காலை இழுத்துக்கொண்டான். உபஜில்லா (கல்வி உபமாவட்ட) விளையாட்டுப் போட்டிக்காக அவன் பள்ளியில் இந்த ஆண்டுதான் அணி தொடங்கியிருக்கிறார்கள். ஓட்டம், நீளம் தாண்டுதல், தொடர் ஓட்டம் என மூன்றுக்கும் இவனே. “ஓட ஓடத்தான் கால் உறுதியாகும்னு மாஸ்டர் சொன்னாருங்க” என்றார் தந்தை. பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலூகாவில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் நான் இந்தப் பருவத்தில் பார்க்கும் நான்காவது குதிகால் இது. அதனால்தான் எழுதுகிறேன்.

கேரளத்தின் எல்.பி. (ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரையிலான) பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் இல்லை. நம் தமிழ்வழிப் பள்ளிகளிலும் வகுப்பாசிரியர்தான், பாடம் முடிந்த பிறகு, தம் சொந்த நேரத்தில் அணியை உருவாக்குகிறார். அந்த உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் தவறு முதல் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. ஜூன் மாதத்தில் எல்லோரையும் ஒருமுறை ஓடவிட்டு, முந்தி வந்த ஆறேழு பேரை ‘திறமையுள்ளவர்கள்’ என்று எடுத்துக்கொண்டு, மற்றவர்களை வகுப்புக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

அந்த ஆறேழு பேரின் பிறந்த தேதியை யாராவது பார்த்ததுண்டா? இப்போது நான்காம் வகுப்பில் இருப்பவர்கள், ஜூன் 1 அன்று ஐந்து வயது நிறைந்தவர்கள் என்ற கணக்கில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள். ஆகவே அந்த ஜூன் தேர்வின்போது, ஜூன் மாதத்தில் பிறந்தவனுக்கு ஒன்பது வயது நிறைகிறது. பக்கத்தில் நிற்கும் மே மாதக் குழந்தைக்கு எட்டு வயது நிறைந்து சில வாரங்களே ஆகின்றன. இந்த வயதில் ஓராண்டு என்பது ஏறத்தாழ ஐந்து, ஆறு சென்டிமீட்டர் உயரம். அதற்கேற்ற எடை, எடுத்து வைக்கும் அடியின் நீளம், சொன்னதைப் புரிந்துகொள்ளும் பக்குவம். ஆசிரியர் திறமை என்று எண்ணித் தேர்ந்தெடுப்பதில் பெரும்பகுதி பன்னிரண்டு மாத வளர்ச்சிதான். கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் மிகுதியாக இருப்பதை 1985-லேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். அங்கே வயதுப் பிரிவுக்கு ஜனவரி 1 கணக்கு. இங்கே ஜூன் 1. நிராகரிக்கப்பட்ட மே மாதக் குழந்தை ‘எனக்கு ஓட வராது’ என்று எட்டு வயதிலேயே முடிவு செய்துகொள்கிறது.

தேர்வான குழந்தைக்கும் இதனால் கேடுதான். சிலரை மட்டும் வைத்துக்கொண்டதால் எல்லாப் போட்டிகளும் அவர்கள் தலையிலேயே விழுகின்றன. எட்டு வயதிலிருந்து பதினான்கு வரை குதிகால் எலும்பின் வளர்ச்சித் தட்டு (எலும்பு வளரும் மென்மையான பகுதி) இன்னும் முழுமையாக இறுகியிருக்காது. காய்ந்தால் கல்லாகிவிடும் நம் கரிசல் திடலில், வெறுங்காலுடன், நாள்தோறும் குதித்தால், கெண்டைத் தசை அந்த இடத்தையே இழுத்துப் புண்ணாக்கும். இதைத் தைலம் தேய்த்துச் சரிசெய்துவிட முடியாது. வேண்டியது ஓய்வு, அதன் பிறகு கெண்டைக்கான நீட்சிப் பயிற்சி.

ஆகவே ஆசிரியர்களே, விருப்பமுள்ள அத்தனை குழந்தைகளையும் பயிற்சிக்குச் சேருங்கள். போட்டிக்குரிய பெயர்களைக் கடைசி இரண்டு வாரங்களில் முடிவு செய்தால் போதும். பிறந்த மாதத்தைப் பெயர்ப் பட்டியலில் எழுதி வையுங்கள். ஒரு குழந்தைக்கு எல்லாப் போட்டிகளையும் கொடுக்காதீர்கள். வாரத்தில் இரண்டு நாளாவது பயிற்சி வேண்டாம். ஓட்டம் மட்டுமே பயிற்சி என்று வைக்காமல் பந்து எறிதல், கயிறு தாண்டுதல், பாண்டி என மாற்றி மாற்றி விளையாடவிடுங்கள். இடையில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று தடுப்பதை இன்றே நிறுத்துங்கள்.

பெற்றோரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். காலையில் எழுந்ததும் குழந்தை நுனிக்காலால் நடக்கிறதா என்று பாருங்கள். நடந்தால் அன்று பயிற்சிக்கு அனுப்பாதீர்கள். மூன்று நாளில் குறையாவிட்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உபஜில்லாப் போட்டி அடுத்த ஆண்டும் வரும் என்பதைக் குழந்தையிடமும் சொல்லுங்கள், மாஸ்டரிடமும் சொல்லுங்கள்.