காவல் கொட்டிலில் உறங்காத காது

முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி இப்படி எழுதியிருந்தார்: "பகல் வேலையோடு போய்விடுகிறது. இரவு படுத்ததும் யோசனை வருகிறது. நினைக்கக் கூடாது என்று நினைக்க நினைக்க அதுதான் கூடுதலாக வருகிறது. எண்ணங்களை அவற்றின் பாட்டில் விடுங்கள் என்று தியான வகுப்பில் சொன்னார்கள். விடுவதென்றால் என்ன செய்வது?" வன்னியில் 'கனக்க யோசிக்கிறா' என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால், அவர் ஆழ்ந்து சிந்திக்கிறார் என்று எவரும் விளங்கிக்கொள்வதில்லை, கவலையில் உழல்கிறார் என்றே விளங்கிக்கொள்வார்கள். ஆகவே கேள்வியின் கனம் எனக்குப் புரிந்தது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள திரினிட்டி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டானியல் வெக்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1987ஆம் ஆண்டு ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். மாணவர்கள் 5 நிமிடங்களுக்கு மனதில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெண்கரடியை மட்டும் நினைக்கக் கூடாது. நினைவு வந்தால் மணியை அடிக்க வேண்டும். மணி சராசரியாக நிமிடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் ஒலித்தது. பின்னர் 'இனி நினைக்கலாம்' என்று சொல்லப்பட்டபோது, தொடக்கத்திலேயே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்களிடம் வெண்கரடி அதிகமாகப் பொங்கி வந்தது.

இதற்கு வெக்னர் 1994இல் முன்வைத்த விளக்கம், நான் படித்த உளவியல் விளக்கங்களுள் மிக அழகானது. ஓர் எண்ணத்தைத் தவிர்க்க முயலும்போது மூளை ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. வேறு எதையாவது தேடிப்பிடித்துக் கவனத்தை அதன்மேல் வைத்திருப்பது முதலாவது; இது நாம் அறிந்து செய்வது, களைப்பைத் தருவது. விலக்கிய எண்ணம் எங்கேனும் தலைகாட்டுகிறதா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது இரண்டாவது. இது நாம் அறியாமலே, அதிக முயற்சியின்றி நடப்பது.

இந்த இரண்டாவது வேலை எப்படிப்பட்டது என்பது வயற்காவல் இருந்தவர்களுக்குத் தெரியும். காலபோக நெல் குடலைப் பருவத்துக்கு வந்ததும் யானைக்கும் பன்றிக்கும் காவல் இருக்க வேண்டும். முத்தையன்கட்டுக் குளத்தின் கீழுள்ள எங்கள் வயலில், சிறுவயதில் அப்பாவுடன் காவல் கொட்டிலில் படுத்திருக்கிறேன். தலைமாட்டில் ரோச் லைற்றும் யானை வெடியும் இருக்கும். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது, தவளைகள் கத்திக்கொண்டேயிருந்தன, ஆனால் அவை எதுவும் என் காதில் ஏறவில்லை. வயலோரத்துப் பாலை மரத்தில் ஒரு சிறு கிளை முறிந்தால் மட்டும் உடம்பு முழுவதும் விறைத்தது. வெறும் கிளைதான் அது. ஆனால் யானைக்குக் காவல் இருப்பவன் யானையை மனதில் வைத்திருந்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் வந்தது யானை என்று அவனுக்கு எப்படித் தெரியும்? மூளைக்குள் இருக்கும் காவலாளியும் விலக்கவேண்டிய எண்ணத்தின் உருவத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் அதைத் தேட முடியும். அந்தத் தேடலே எண்ணத்தை மனதின் வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறது.

இரவில் ஏன் கூடுகிறது என்பதும் இதிலிருந்தே விளங்குகிறது. நாள் முழுவதும் உழைத்த களைப்பில் முதல் வேலை படுத்துவிடுகிறது, இரண்டாவது படுப்பதில்லை. கண்டதை விரட்ட ஆளில்லாமல், கண்டுபிடிப்பவன் மட்டும் விழித்திருக்கிறான். நீண்ட எண்ணொன்றை நினைவில் வைத்திருக்கும்படி சொல்லி மனதுக்குச் சுமை கொடுத்த பரிசோதனைகளிலும், கவலைப்படாமல் இருக்க முயன்றவர்களுக்குக் கவலையே கூடியது.

'இது வரக்கூடாத எண்ணம்' என்று நாம் சொல்லும் தீர்ப்புத்தான் அந்தக் காவலாளிக்கு நாம் கொடுக்கும் நியமனக் கடிதம். தீர்ப்பை எடுத்துவிட்டால் அவனுக்குத் தேடுவதற்கு எதுவும் இல்லை. வயலுக்குக் காவல் வேண்டும், ஏனெனில் யானை உண்மையிலேயே நெல்லைத் தின்னும். எண்ணமோ கிளை முறியும் சத்தத்தைப் போன்றது. அதை விரட்டவும் வேண்டாம், எழுந்து அதன் பின்னே போகவும் வேண்டாம். வந்ததை வந்தது என்று கண்டுகொண்டால் போதும். அதற்குப் பெயர் சொல்வதும் உதவுகிறது. லொஸ் ஏஞ்சலிஸில் மத்தியூ லீபர்மன் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், படத்திலிருந்த முகத்தின் உணர்ச்சிக்குரிய சொல்லைத் தெரிவு செய்தவர்களுக்கு, ஆபத்தைக் கண்டு துடிக்கும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் செயற்பாடு தணிந்தது. நமது மொழி இதற்கு ஏற்றபடியே அமைந்திருக்கிறது. 'எனக்குப் பயம் வருகிறது' என்கிறோம். அந்த வாக்கியத்தில் எழுவாய் பயம். நான் அது வந்து சேரும் இடம் மட்டுமே.

இது முடிந்துபோன விவாதம் அல்ல. 16 நாடுகளைச் சேர்ந்த 120 பேருக்கு எண்ணங்களை அடக்கப் பயிற்சி அளித்த கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், அதனால் பலருக்கு நன்மை கிடைத்ததாக 2023இல் எழுதினர். முறையான பயிற்சியும் நள்ளிரவுப் போராட்டமும் ஒன்றல்ல என்பதே என் எண்ணம். எங்களிடமோ, ஓயாத யோசனையைச் செய்வினை என்று சொல்லி நூல் கட்ட அழைத்துப்போகும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கையில் கட்டிய நூலால் கெடுதல் இல்லை. 'செய்தது யார்' என்று தேடத் தொடங்குவதுதான் அயலோடு பகையையும் மனதுக்கு இன்னொரு காவலாளியையும் கொண்டுவருகிறது. அதே வேளை, 2009இல் காணாமற்போன மகனுக்காக இன்றும் காத்திருக்கும் தாயின் யோசனையை அமெரிக்க மாணவர்களின் வெண்கரடியோடு சமப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. எங்கள் மக்களிடம், எங்கள் சொற்களில் இவற்றை அளந்து அறிவதற்கு, 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்கப்பட வேண்டும்.

வாசகிக்கு இரண்டு விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன். பழைய காட்சிகள் இப்போது நடப்பதுபோலக் கண்முன் வந்து உடம்பை நடுங்கவைத்தால், அது தனியே இருந்து பழகிப் பார்க்கும் விடயமல்ல. மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள், அல்லது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். வழமையான யோசனை என்றால், கண்ணை மூடாமலே படுத்திருந்து, அது வந்ததும் 'யோசனை வந்திருக்கிறது' என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மின்விசிறியின் சத்தத்தைக் கேட்டபடி இருங்கள். பத்துத் தரம் வந்தால் பத்துத் தரமும் அப்படியே செய்யுங்கள். அது போய்விட்டதா என்று மட்டும் இடையிடையே பார்க்க வேண்டாம், ஏனெனில் அந்தப் பார்வைதான் காவலாளியின் வேலை.