சைக்கிளில் முந்திப் போகும்போது: சட்டமும் சானல்கரை வழக்கமும்

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா மிதிவண்டி கொடுக்கிறது. குமரி மாவட்டத்திலும் வருஷா வருஷம் கொடுக்கிறார்கள். ஆனால் முன்னால் போகிறவரை எப்படிக் கடந்து போவது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. பெரியவர்களுக்கும் அது தெரியாது என்பதுதான் உண்மை. "சைக்கிளுக்கு ஏதுடே ரூல்?" என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

அந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி சைக்கிள் மோட்டார் வாகனம் அல்ல. லைசென்ஸ், ஆர்சி புத்தகம், இன்சூரன்ஸ் எதுவும் வேண்டாம். பேட்டரி சைக்கிளும்கூட மோட்டார் 250 வாட்டுக்குக் குறைவாகவும், அதிகபட்ச வேகம் 25 கிலோமீட்டருக்குள்ளும், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருந்தால் இதே விலக்கில் வரும். இதைத் தாண்டிய வண்டியை "சைக்கிள்தான்" என்று சொல்லி விற்றாலும், அது சட்டத்தின் கண்ணில் பைக்.

மீதிப் பாதிதான் பலருக்குத் தெரியாதது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு, பொதுவழியில் பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி தாறுமாறாக ஓட்டுவதைக் குற்றம் என்கிறது. அதில் "மோட்டார்" என்ற சொல் இல்லை, "எந்த வாகனமும்" என்றுதான் இருக்கிறது. சைக்கிளும் வாகனம்தான். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கவனக்குறைவால் ஒருவருக்குப் பலத்த காயம் ஏற்படுத்தினால் 125ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம் என்று போகும். தாறுமாறாக ஓட்டுவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் 279ஆம் பிரிவில் குற்றமாக இருந்ததுதான். புதிதாக வந்த தொல்லை ஒன்றுமில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் இன்சூரன்ஸ். பைக் மோதினால் அடிபட்டவர் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கும். உங்கள் சைக்கிள் மோதி ஒரு பாட்டிக்கு இடுப்பெலும்பு முறிந்தால் அந்த வழி கிடையாது. சிவில் வழக்குதான். கொடுக்க வேண்டி வந்தால் உங்கள் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

சரி, முந்துவது எப்படி? மோட்டார் வண்டிகளுக்கு 2017இல் வந்த ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் உண்டு. வலப்பக்கமாகத்தான் முந்த வேண்டும். முன்னால் போகிறவர் சிக்னல் காட்டி வலப்பக்கம் திரும்பினால் மட்டும் இடப்பக்கம் போகலாம். வளைவிலும், எதிரே வருவது தெரியாத ஏற்றத்திலும் முந்தக் கூடாது. யாராவது நம்மை முந்தும்போது வேகத்தைக் கூட்டக் கூடாது. இவை சைக்கிளுக்கென்று எழுதியவை அல்ல. ஆனாலும் ரோட்டில் எல்லாரும் எதிர்பார்ப்பது இதைத்தான். மார்த்தாண்டத்தில் டெம்போ ஓட்டுகிறவர் கண்ணாடியில் உங்களை வலப்பக்கம்தான் தேடுவார். இடப்பக்கம் நுழைந்து போனால் நீங்கள் அவர் கண்ணுக்கு இல்லை.

பஸ் நிற்கும் இடம் இன்னும் மோசம். நம் ஊர் பஸ்களுக்கு வாசல் இடப்பக்கம். நின்ற பஸ்ஸுக்கும் ரோட்டோரத்துக்கும் நடுவே சைக்கிள் விடுவது, இறங்குகிறவர் மடியில் போய் விழுவதற்குச் சமம். தக்கலையிலோ வடசேரியிலோ காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் போதும். பஸ்ஸுக்குப் பின்னால் காலை ஊன்றி நில்லுங்கள். ஆள் இறங்கி முடிய அரை நிமிடம்கூட ஆகாது.

அடுத்தது சானல்கரை. அதிகம் சொல்ல வேண்டியது இங்கேதான் இருக்கிறது. ஆனந்தனார் சானல், தோவாளை சானல், புத்தனாறு என்று மாவட்டம் முழுக்கக் கால்வாய்க் கரைகள். காலையில் நடைப்பயிற்சிக்காரர்கள், துணி துவைக்க வரும் பெண்கள், புல்லுக்கட்டோடு வருகிறவர், ஆடு, ஸ்கூல் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே பாதை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல்.

சில வருஷங்களுக்கு முன் இப்படி ஒரு கரையில் ஒரு பாட்டாவின் முதுகுக்குப் பின்னால் போய் பெல் அடித்தேன். அவர் பதறி என் பக்கமே திரும்பினார். நான் வயலில் கிடந்தேன், அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். "பெல்ல தூரத்துலயே அடிக்கப்பிடாதா மக்கா?" என்று மட்டும் கேட்டார். தப்பு என்னுடையது.

தூரம் என்றால் எவ்வளவு? தென்னைகளை 25 அடி இடைவெளியில் நடுவது வழக்கம். அப்படி இரண்டு இடைவெளி, அதாவது சுமார் 15 மீட்டர். நீங்கள் 15 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறீர்கள், அவர் 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறார் என்றால் அவரைத் தொட ஐந்து வினாடி ஆகும். திரும்பிப் பார்த்து ஒதுங்க அது போதும். ஒருமுறை அடித்து, பெடலை விட்டு, அவர் எந்தப் பக்கம் ஒதுங்குகிறார் என்று பாருங்கள். அப்புறம் நடை வேகத்தில் கடங்கள். விடாமல் அடித்தால் மிரட்டுவதுபோல் ஆகும். "வலப்பக்கம்!" என்று கத்துவதும் வேண்டாம், பாதிப் பேர் வலப்பக்கமே நகர்வார்கள். "அம்மா, சைக்கிள் வருது" என்றால் போதும். திரும்பாவிட்டால் காது கேளாதவராகவோ இயர்போன் போட்டவராகவோ இருக்கலாம். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். சேர்ந்து நடக்கும் இரண்டு பேருக்கு நடுவே ஒருபோதும் நுழையாதீர்கள். ஒருவர் பேச்சு சுவாரசியத்தில் கையை வீசினால் முடிந்தது கதை.

ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றையும் கணக்கில் வைக்க வேண்டும். லாரி உங்களை முந்தும்போது ஒரு கணம் காற்று மறைந்து, அது போனதும் பக்கவாட்டில் வந்து தள்ளும். அந்த நேரத்தில் இன்னொரு சைக்கிளை ஒட்டி முந்திக்கொண்டிருந்தால் இரண்டு பேரும் விழுவீர்கள். பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் இருட்டில் ஓரமாக நடப்பார்கள். முன்னால் ஒரு லைட் இல்லாமல் அந்த இறக்கங்களில் வராதீர்கள்.

உங்களை வேறு வண்டி மோதினால் என்ன கிடைக்கும்? மாநில அரசின் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டாம். அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இது உண்டு. ஒரு எல்லைக் கணக்கும் இருக்கிறது: விபத்து தமிழ்நாட்டுக்குள் நடந்திருக்க வேண்டும். களியக்காவிளையைத் தாண்டி பாறசாலையில் அடிபட்டால் இது வராது. அங்கே 2025 மே மாதம் வந்த மத்திய அரசின் பணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தைக் கேளுங்கள். மோட்டார் வண்டியால் நடந்த விபத்துக்கு ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை.

மோதியவர் நிற்காமல் போய்விட்டால் பலர் "நம்பர் பார்க்கலையே" என்று புகாரே கொடுப்பதில்லை. அது தவறு. வண்டி எதுவென்றே தெரியாத விபத்துகளுக்காகத்தான் 2022இல் தனித் திட்டம் வந்தது. உயிரிழப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய். போலீஸ் பதிவு, மருத்துவச் சான்றுகளோடு நாகர்கோவில் அல்லது பத்மநாபபுரம் கோட்டாட்சியர் அலுவலகத்திலோ உங்கள் தாசில்தாரிடமோ விசாரித்து மனுக் கொடுங்கள்.