ஜீப்புக்குப் பெரிய டயர் போடும் முன்

பாறை, சேறு, காட்டுப் பாதை என்று வண்டியை இறக்க ஆசைப்படுபவர்கள் பட்டறையில் முதலில் கேட்பது, “எத்தனை இன்ச் தூக்கலாம்?” என்பதுதான். அது முதல் கேள்வியாக இருக்கக் கூடாது என்பேன். முதலில் டயர், அந்த டயருக்கு இடம் கொடுக்கும் அளவுக்கு லிஃப்ட், அந்த டயர் பறித்துக்கொண்ட இழுவையைத் திருப்பிக் கொடுக்க கியர். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது.

ஜீப் நிறுவனத்தின் ராங்ளர் வண்டியின் அடியில் குனிந்து பாருங்கள். முன்னும் பின்னும் இடது சக்கரத்திலிருந்து வலது சக்கரம் வரை கனமான ஆக்சில் குழாய் ஓடும். அதில் குடம்போல வீங்கியிருப்பது டிஃபரன்ஷியல், இன்ஜினின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதி. பாறையில் முதலில் இடிபடுவது அதுதான். நீளமான ஸ்பிரிங் போட்டுத் தூக்கினால் சேஸிஸும் பாடியும் மேலே போகும். ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும். நான்கு இன்ச் தூக்கினாலும் அந்தக் குடம் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அதை உயர்த்துவது டயரின் ஆரம் மட்டும்தான்.

கரடுமுரடான பாதைகளுக்கென்றே வரும் ராங்ளர் வகையான ரூபிகானின் டயர் வளர்ந்த கதையே இதைச் சொல்லும். 2003இல் வந்த முதல் ரூபிகானில் 245/75 ஆர்16, அதாவது முப்பதரை இன்ச் டயர். 2007 மாடலில் 32 இன்ச். 2018 மாடலில் 285/70 ஆர்17, பேச்சு வழக்கில் 33 இன்ச். 2021இல் நிறுவனமே 35 இன்ச் டயரோடு ‘எக்ஸ்ட்ரீம் ரீகான்’ என்ற தொகுப்பைக் கொடுத்தது.

பெயரளவையும் உண்மை அளவையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 285/70 ஆர்17 என்றால் அகலம் 285 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 17 இன்ச். கணக்குப் போட்டால் விட்டம் சுமார் 831 மி.மீ. ‘35 இன்ச்’ எனப்படும் 315/70 ஆர்17 சுமார் 873 மி.மீ. விட்டத்தில் 42 மி.மீ. கூடுகிறது, ஆக்சில் உயர்வது அதில் பாதி, 21 மி.மீ. இவ்வளவுதானா என்று தோன்றலாம். ஆனால் பாறையை உரசிக்கொண்டு நிற்பதும் தாண்டிப் போவதும் பல நேரம் இந்த 21 மில்லிமீட்டரில்தான் தீர்மானமாகிறது.

டயர் வாங்கும் முன் காசில்லாத ஒரு வேலையைச் செய்து பார்க்கச் சொல்வேன்: இருக்கும் டயரில் காற்றைக் குறைப்பது. ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோ இருப்பதாக வைத்துக்கொள்வோம். 36 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அதைத் தாங்க ஏறத்தாழ 200 சதுர செ.மீ. தரை போதும். 15 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் 470 சதுர செ.மீ. வேண்டும். பக்கச் சுவரின் விறைப்பும் கொஞ்சம் தாங்குவதால் நிஜத்தில் இதைவிடக் குறைவாக வரும். ஆனாலும் டயர் தரையில் நீளவாக்கில் பரவி, பாறையின் மேடு பள்ளத்தை அணைத்துப் பிடிக்கும், மணலில் புதையாது. ஐஸ்லாந்தின் பனியாறுகள் மேல் 38, 44 இன்ச் டயர்களோடு போகிறவர்கள் ஆழமான பனியில் 2, 3 பி.எஸ்.ஐ. வரைகூட இறக்குகிறார்கள். அவ்வளவு பெரிய டயரை அவர்கள் போடுவதே இந்தப் பரப்புக்காகத்தான். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் காற்றை மறுபடி நிரப்பியாக வேண்டும். குறைந்த காற்றில் வேகமாக ஓடினால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி டயர் கிழிந்துவிடும்.

சரி, லிஃப்டுக்கு வருவோம். ஒரு சக்கரம் பாறைமேல் ஏறும்போது அது மட்கார்டுக்குள் போகும். அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கும் திரும்பியிருந்தால் பெரிய டயர் உரசும். அந்த உரசலைத் தவிர்க்கத் தேவையான அளவுதான் சரியான லிஃப்ட். எக்ஸ்ட்ரீம் ரீகானில் நிறுவனம் கூட்டியது ஒன்றரை இன்ச் மட்டும். 37 இன்ச் டயருக்குப் பெரும்பாலோர் இரண்டரை இன்ச் அளவில் நிற்கிறார்கள்.

அதற்கு மேல் போகப் போக இழப்புதான் கூடும். ஓடும்போது சைக்கிளின் ஹேண்டில் தானாக நேராவதற்கு முன் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதும் ஒரு காரணம். ஜீப்பின் முன் ஆக்சிலுக்கும் அப்படி ஒரு சாய்வு உண்டு, காஸ்டர் என்பார்கள். வண்டியைத் தூக்கினால் ஆக்சிலைப் பிடித்திருக்கும் கண்ட்ரோல் ஆர்ம்கள் கீழ்நோக்கிச் சரிந்து, அந்தச் சாய்வு குறையும். நெடுஞ்சாலையில் வண்டி அலையும். நீளமான ஆர்ம் போட்டு அதைச் சரிசெய்ய வேண்டும். புவியீர்ப்பு மையமும் உயர்கிறது. சக்கரங்களுக்கு இடையே 160 செ.மீ. அகலமுள்ள வண்டியில் அந்த மையம் 75 செ.மீ. உயரத்தில் இருந்தால், ஏறத்தாழ 47 டிகிரி பக்கச் சரிவு வரை அது நிற்கும் என்று கணக்கு சொல்லும். மையத்தை 83 செ.மீ.க்கு உயர்த்தினால் அது 44 டிகிரி. ஓடும் வண்டியில் இந்த எல்லை இன்னும் முன்னாலேயே வந்துவிடும். இந்தியாவில் இருப்பவர்கள் சட்டத்தையும் பார்க்க வேண்டும்: தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இனி, பலர் காசு மிச்சம் என்று விட்டுவிடும் பகுதி: கியர். சைக்கிளில் பின் சக்கரத்தைப் பெரிதாக்கினால் ஒரு மிதிக்கு அதிக தூரம் போகும். மேட்டில் மிதி கனக்கும். ஜீப்பிலும் அதே கதை. ஆக்சிலில் வரும் முறுக்கு விசையை டயரின் ஆரத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் தரையில் தள்ளும் விசை. ‘33’ எனப்படும் டயரின் உண்மை விட்டம் 32.7 இன்ச்; அதிலிருந்து 37 இன்சுக்குப் போனால் ஆரம் 13 சதவீதம் கூடுகிறது. ஆக்சில் விகிதம் 4.10 என்றால், சக்கரம் ஒரு முறை சுற்ற இன்ஜினிலிருந்து வரும் தண்டு 4.10 முறை சுற்ற வேண்டும். பெரிய டயரில் அந்த ஆக்சில் சுமார் 3.6 போல நடந்துகொள்ளும். பழைய நிலைக்கு வர 4.10ஐ 1.13ஆல் பெருக்கினால் 4.63.

கடையில் கிடைப்பவை 4.56, 4.88, 5.13 என்று போகும். நான் 4.88ஐத்தான் சொல்வேன். ஏனென்றால் விட்டம் மட்டுமா மாறுகிறது? டயரின் கனம் விளிம்பில் கூடியிருக்கிறது, அதைச் சுழற்ற அதிக விசை வேண்டும். உயர்ந்த வண்டியைக் காற்றும் அதிகமாகத் தடுக்கும். நிறுவனமும் இதைத்தான் செய்தது. 35 இன்சுக்குக் கணக்குப்படி 4.31 போதும், எக்ஸ்ட்ரீம் ரீகானில் வைத்ததோ 4.56. மேனுவல் கியர்பாக்ஸ் வண்டிக்கு இன்னும் மேலே போய் 4.88 கொடுத்தார்கள்.

பாறையில் இதன் பலன் நேரடியாகத் தெரியும். மேனுவல் ரூபிகானில் முதல் கியர் 5.13, விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் மெதுவான ‘லோ’ கியர் 4.0, ஆக்சில் 4.10. மூன்றையும் பெருக்கினால் சுமார் 84. இன்ஜின் நிமிடத்துக்கு 700 சுற்று ஓடினால் வண்டி மணிக்கு 1.3 கிலோமீட்டரில் ஊர்ந்து போகும். கலிஃபோர்னியாவின் ரூபிகான் பாதைபோல பெரும் பாறைகள் கிடக்கும் இடத்தில் அந்த நிதானம்தான் ஆக்சிலை உடையாமல் காப்பாற்றுகிறது. 4.88 போட்டால் பெருக்கல் 100ஐத் தொடும்.

அப்படியென்றால் இன்னும் பெரிய விகிதமே போட்டுவிடலாமே? அங்கேதான் பல் கணக்கு வருகிறது. டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம் கிரௌன் வீல், அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரம் பினியன். கிரௌன் வீலில் 41 பல்லும் பினியனில் 10 பல்லும் இருந்தால் 4.10. 39க்கு 8 என்றால் 4.88. கிரௌன் வீல் அதே வீட்டுக்குள் அடங்க வேண்டும் என்பதால் விகிதம் கூடக் கூட பினியன் சிறுத்துக்கொண்டே போகும். டயரோ பெரிதாகி அதிக விசையோடு அதை முறுக்கும், பினியன் உடையும் ஆபத்து கூடும்.

பிரேக்கும் இதே கணக்கில் அடிபடும். டிஸ்க் கொடுக்கும் பிடி மாறாதிருக்க ஆரம் மட்டும் கூடுவதால், அதே மிதிக்கு 37 இன்ச் டயரில் தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசை 12 சதவீதம் குறைகிறது. ஸ்பீடோமீட்டரைத் திருத்தாவிட்டால் அது 100 காட்டும்போது வண்டி 113இல் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு ஆபத்து என்று நினைத்துப் பாருங்கள். டயர் மாற்றிய அன்றே மீட்டரைச் சரிசெய்துவிட வேண்டும்.

புதிய கிரௌன் பினியன் போட்டு வெளியே வந்ததும் பாறைக்கு ஓடாதீர்கள். முதல் முப்பது கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, நிறுத்தி, டிஃபரன்ஷியல் குடத்தை நன்றாக ஆறவிடுங்கள். பற்கள் ஒன்றோடொன்று பழகும்போது நிறையச் சூடேறும். 800 கிலோமீட்டர் ஆனதும் ஆயிலை மாற்றுங்கள். பழைய ஆயிலில் மினுமினுவென்று மிதக்கும் இரும்புத் தூளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பற்கள் பழகியதில் உதிர்ந்தது அது. விரலில் தட்டுப்படும் அளவுக்குத் துண்டு இருந்தால் மட்டும் உடனே கவரைக் கழற்றிப் பாருங்கள்.