மக்கும் நெகிழி

'பிளாஸ்டிக்' கிரேக்க வேரில் பிறந்த சொல். வேண்டிய வடிவுக்கு இசையக்கூடியது என்று பொருள். தமிழில் 'நெகிழி'. பிரிவில் மெலிந்தவளின் வளை நெகிழ்வதைச் சங்கப் பாட்டிலேயே பார்க்கிறோம். சூட்டில் இளகி அச்சுக்குள் இறங்கும் பொருளுக்கு அந்த வேரிலிருந்து பெயர் எடுத்தவர் நல்ல காரியம் செய்திருக்கிறார்.

மக்கும் நெகிழி செய்ய எடுக்கும் 'ஸ்டார்ச்' என்ற சொல் இதற்கு நேர் எதிர். விறைப்பாக்குவது என்பதே அதன் வேர்ச்சொல்லின் பொருள். நெசவூரான சென்னிமலையில் பாவுக்கு, அதாவது தறியின் நீளவாட்டு நூலுக்கு, கஞ்சி போடுவதும் நூல் விறைப்பாக நிற்கத்தான். தமிழில் மாவுச்சத்து.

விறைக்க வைப்பது எப்படி நெகிழியாகும்? ஆத்தூர், ராசிபுரம் பக்கம் மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்பார்கள். சேகோ எனும் ஜவ்வரிசி ஆலையில் கிழங்கைத் தோலுரித்து அரைத்து, வடிகட்டிய பாலைத் தொட்டியில் விட்டால், மாவு அடியில் வெள்ளைவெளேரென்று இறுகிப் படியும். அந்த மாவில் தண்ணீரும் கிளிசரால் என்ற பிசுபிசுப்பான திரவமும் சேர்த்துச் சூடாக்கினால் மாவு மணிகள் உப்பி உடையும். கிளிசரால் உள்ளே புகுந்து சங்கிலி மூலக்கூறுகளை வழுக்கவிடும். ஆறினால் கண்ணாடிபோல் ஒரு தாள் கிடைக்கும். ஆனால் ஈரம் பட்டால் ஊறிப்போகும். அதனால்தான் பை செய்பவர்கள் பிபிஏடி என்ற மக்கும் பாலிமரைக் கலக்கிறார்கள். இல்லையென்றால் மாவைச் சர்க்கரையாக்கி, நொதிக்கவைத்து, லாக்டிக் அமிலம் வழியாகப் பிஎல்ஏ என்ற வேறொரு மக்கும் நெகிழி ஆக்குகிறார்கள்.

சரி, இதை எப்படிச் சொல்வது? 'பயோபிளாஸ்டிக்' என்பதை 'உயிரிநெகிழி' என்கிறார்கள். அது போதாது. கரும்பிலிருந்து வரும் பாலிஎத்திலீனும் உயிரிநெகிழிதான், ஆனால் மக்காது. பிபிஏடி பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவது, அது மக்கும். எதிலிருந்து வந்தது என்பது வேறு, கடைசியில் என்ன ஆகும் என்பது வேறு. நாம் கேட்பது இரண்டாவதை என்றால் 'மக்கும் நெகிழி' என்றே எழுத வேண்டும். அகராதி 'மட்கும்' என்னும். ஆனால் குப்பைத்தொட்டியில் எல்லோரும் படித்துப் பழகியது 'மக்கும் குப்பை'தான். நான் அதன் பக்கம்.

ஒன்று மட்டும். மக்கும் என்றால் நொய்யல் ஆற்றில் எறியலாம் என்று பொருள் இல்லை. பிஎல்ஏ ஒழுங்காக மக்க, 58 டிகிரி வரை சூடேறும் பெரிய உரக்கிடங்கு வேண்டும். பையில் 17088 என்ற தர எண்ணும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பச்சை எழுத்தில் 'பயோ' என்று மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.